பாய்மரக் கப்பல்ல டிரெய்னியா போறதுன்னா: காசிமேட்டுப் பக்கத்துல இருந்து கிளம்புறவங்களுக்கு

போன மீன்பிடி தடைக்காலத்துல நம்ம ஏரியா பசங்க ரெண்டு பேர் வீட்டுக்கே வந்துட்டாங்க, அண்ணா நீ போனியே அந்த பழைய பாய்க்கப்பல், நாங்களும் போணும், இன்னா பண்ணணும் சொல்லுன்னு. டீ குடிச்சிக்கிட்டே ரெண்டு மணி நேரம் சொன்னேன், பாதி மறந்துட்டேன், மறுநாள் இன்னொருத்தன் வந்து அதையே முதல்ல இருந்து கேட்டான். அதான் எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் போனது ஒரே ஒரு தடவ, அஞ்சு வாரம், ஐரோப்பா பக்கம். அதனால நான் பெரிய மாலுமி எல்லாம் கெடையாது. ஆனா புதுசா போறவன் எங்கெங்க பல்பு வாங்குவான்னு நல்லா தெரியும், ஏன்னா எல்லா பல்பையும் நானே வாங்கிட்டேன்.

முதல்ல இது எந்த மாதிரி கப்பல்னு புரிஞ்சிக்கோங்க. மியூசியம் மாதிரி கட்டிப் போட்டிருக்கிற கப்பல் இல்ல, நெஜமாவே கடல்ல ஓடுறது. உதாரணத்துக்கு யூரோப்பான்னு ஒரு கப்பல், 1911ல ஜெர்மனில லைட்ஷிப்பா கட்டினது. லைட்ஷிப்னா ஒரே எடத்துல நங்கூரம் போட்டு நின்னு மத்த கப்பலுக்கு வெளிச்சம் காட்டுறது, நம்ம ஐகோர்ட்டு கோபுரத்து மேல 1894ல இருந்து 1977 வரைக்கும் லைட் ஹவுஸ் எரிஞ்சதே, அந்த வேலைய தண்ணில நின்னு பண்றது. டச்சுக்காரங்க அத வாங்கி வருஷக்கணக்கா ரிப்பேர் பார்த்து 1994ல மூணு பாய்மரம் வெச்ச கப்பலா எறக்கிட்டாங்க. நகராம நிக்கிறதுக்குன்னே கட்டின கப்பல் இப்ப அண்டார்டிகா வரைக்கும் போய்ட்டு வருது. ஆஸ்திரேலியால ஜேம்ஸ் கிரெய்க், 1874ல கட்டினது, டாஸ்மேனியால பாதி மூழ்கிப் போய் துருப்பிடிச்சு கெடந்தத 1972ல தூக்கி சிட்னிக்கு கொண்டாந்து ஓட வெச்சிருக்காங்க. நார்வேல ஸ்டாட்ஸ்ராட் லேம்குல், 1914ல டிரெய்னிங்குக்குன்னே கட்டினது, 98 மீட்டர் நீளம், இன்னைக்கும் அதுல பசங்க தொங்குற தூளிலதான் தூங்குறாங்க. நான் போனதும் இந்த ஜாதிதான், நூறு வயசு தாண்டின இரும்பு உடம்பு. பேர் சொல்லல, கீழ ஒரு மேட்டர் சொல்லப்போறேன், அதனால.

நம்ம நாட்டுல இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. ஐஎன்எஸ் தரங்கிணி 1997ல இருந்து, ஐஎன்எஸ் சுதர்ஷினி 2012ல இருந்து, ரெண்டும் கோவாவுல புதுசா கட்டினது, கொச்சிதான் வீடு. ஆனா அது நேவியோடது, நேவில சேர்ந்து டிரெய்னிங்ல இருக்கிறவங்களுக்கு. நானும் வரேன்னு துட்டு கட்டி ஏறிட முடியாது. நேவி ஆசை இருக்கிறவங்க அந்த ரூட்டுல போங்க, அது நல்ல ரூட்டு. நான் எழுதுறது சாதாரண ஆளுங்க டிரெய்னியா போறத பத்தி மட்டும்.

துட்டு மேட்டர முதல்லயே பேசிடுவோம். இது வேலை இல்ல. சம்பளம் கெடையாது, நீங்கதான் கப்பலுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு கட்டணும், கட்டிட்டு கக்கூஸும் கழுவணும். இத எங்க அம்மாவுக்கு புரிய வெக்கிறதுக்குள்ள எனக்கு தாவு தீர்ந்துடுச்சு. காசு குடுத்து கூலி வேலை பாக்க வெளிநாடு போறியாடான்னு கேட்டுச்சு, பதிலே சொல்ல முடியல. முழுக் காசும் கையில இருந்து போட முடியாதவங்களுக்கு சில கப்பலுங்க உதவித்தொகை தராங்க, நேரா அந்தந்த கப்பலோட ஆபீசுக்கு மெயில் போட்டு கேளுங்க, கேக்க வெக்கப்படாதீங்க. வயசு கம்மியா இருந்தா இன்னும் நல்லது, டால் ஷிப் ரேஸ்னு பாய்க்கப்பல் போட்டி 1956ல இருந்து நடத்துறாங்களே, அதுல கலந்துக்குற கப்பல்ல இருக்கிற ஆளுங்கள்ல பாதி பேராவது 15ல இருந்து 25 வயசுக்குள்ள இருக்கணும்னு ரூலே இருக்கு. பொண்ணுங்களும் தாராளமா போலாம், எங்க வாட்ச்ல, அதான் எங்க ஷிப்ட்டு குரூப்புல, பாதிக்கு மேல பொண்ணுங்கதான், மேல ஏறுறதுல எங்கள விட அவங்கதான் ஷோக்கா ஏறினாங்க.

இங்க உஷாரா இருக்க வேண்டியது ஏஜென்ட்டுங்க கிட்ட. எனக்கே ஒருத்தன் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு மாடி ரூம்ல உக்கார வெச்சி, பாய்மரக் கப்பல்ல பெர்மனென்ட் வேலை, மூணு லட்சம் குடு, மாசம் டாலர்ல சம்பளம்னான். அப்படி ஒண்ணு கெடையாதுப்பா. இந்தியால கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புறவன் கவர்மென்ட்டோட டிஜி ஷிப்பிங் ஆபீஸ் கிட்ட ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் வாங்கியிருக்கணும், லைசென்ஸ் இருக்கிறவன் பேரெல்லாம் டிஜி ஷிப்பிங் சைட்லயே இருக்கும், அதுல பேர் இல்லாதவன் கிட்ட டீ கூட வாங்கிக் குடிக்காதீங்க. டிரெய்னியா போறதுக்கு ஏஜென்ட்டே தேவையில்ல, கப்பல் ஆபீசுக்கு நீங்களே எழுதி நீங்களே கட்டுறதுதான்.

பேப்பர் வேலை சுருக்கமா: பாஸ்போர்ட், எந்த நாட்டுல ஏறுறீங்களோ அதோட விசா, ஐரோப்பான்னா பெரும்பாலும் ஷெங்கன், டிராவல் இன்ஷூரன்ஸ், டாக்டர் சர்டிபிகேட். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கப்பல்ல பாய்மரம் ஏறுவேன்னு சொல்லியே எடுங்க, சொல்லாம எடுத்தா அப்புறம் கிளெய்ம் அப்போ பேஜாராகிடும். ஏறுற நாடு வேற, எறங்குற நாடு வேறன்னா விசாவுக்கு கப்பல்காரங்க லெட்டர் தருவாங்க, அத முன்னாடியே கேட்டு வாங்குங்க. டாக்டர் கிட்ட வீசிங், வலிப்பு, சுகர் எது இருந்தாலும் மறைக்காதீங்க. கரையில மறைக்கிறது நடுக்கடல்ல வெளிய வந்தா ஹெலிகாப்டர்தான் வரணும்.

சரி, இங்கயே பண்ண வேண்டிய பிராக்டிஸ். நம்ம ஏரியாக்காரனுக்கு இருக்கிற லாபம் இதுதான், வேற யாருக்கும் கெடைக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் தடைக்காலம், லாஞ்ச் எல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கும், ஆளுங்க வலை தைச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாராவது பெரியவர் பக்கத்துல போய் உக்காருங்க. கயிறு முறுக்கு பிரிச்சி கோக்குறது, கண்ணு போடுறது, ஊசி புடிக்கிறது எல்லாம் கத்துக்கோங்க. பவுலைன், குளோவ் ஹிட்ச், ரவுண்ட் டர்ன், ஃபிகர் எய்ட் இந்த நாலு முடிச்சும் கண்ண மூடிக்கிட்டு ஒரு நிமிஷத்துல வரணும். நெஜமாவே கண்ண மூடிக்கிட்டுதான், அங்க ராத்திரி இருட்டுல வெள்ளை டார்ச் அடிக்க விடமாட்டாங்க, அடிச்சா எல்லாரோட கண்ணும் இருட்டுக்கு பழகினது போய்டும். நீச்சல் தெரிஞ்சா நல்லது, ஆனா தெரியலைன்னு கனவ விட்டுடாதீங்க, சில கப்பல்ல கட்டாயம் இல்ல. மாடிப்படி ஏறி எறங்குறதும் கம்பில தொங்குறதும் ரெண்டு மாசம் பண்ணிட்டுப் போங்க, அங்க ஜிம் உடம்பு உதவாது, புடி கெட்டியா இருக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு நஷ்டமும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். கடல் நமக்கு தெரியும்னு ஒரு திமிரு. வாடையா கச்சானா கொண்டலானு எங்க அப்பா மொகத்துல காத்து பட்டாலே சொல்லிடுவாரு, எனக்கும் அதுல பாதி வரும். அங்க போய் நான் அதக் காட்டப் போய்த்தான் மாட்டிக்கிட்டேன். அங்க இருக்கிற பாய் நம்ம பைபர் போட்டு பாய் மாதிரி ஒண்ணு ரெண்டு இல்ல, இருவது இருவத்தஞ்சு இருக்கும், டெக்குக்கு வந்து சேருற கயிறு நூத்தி அம்பதுக்கு மேல. தெரிஞ்சத மூட்டை கட்டி பைக்குள்ள வெச்சிட்டு எல்கேஜி பையனா ஏறுங்க.

பை பத்தி சொல்லணும்னா, பெட்டி கூடாது, மடிக்கிற பைதான், அங்க உங்களுக்கு கெடைக்கிற எடம் படுக்க ஒரு பங்க்கும் ஒரு சின்ன கப்போர்டும்தான். கோடைன்னு நம்பி போகாதீங்க, அவங்க கோடை நம்ம மார்கழிய விட குளிரு, அதுலயும் ராத்திரி காத்து எலும்புக்குள்ள போகும். காட்டன் பனியன் நனைஞ்சா காயவே காயாது, கம்பளி எடுத்துக்கோங்க, வருஷக் கடைசில ரோட்டோரம் போடுவாங்களே ஸ்வெட்டர் கடை, அங்க வாங்கினதே எனக்கு போதுமா இருந்துச்சு. ஹெட்லைட் ஒண்ணு, செவப்பு வெளிச்சம் வர்றதா பாத்து பர்மா பஜார்ல வாங்குங்க. மேல மழைக்கு போடுற கோட்டு பேன்ட்டு பல கப்பல்ல அவங்களே குடுப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. ஷூ முக்கியம், மூடின ஷூ, அடி ரொம்ப தடியா இருக்கக்கூடாது, மேல கயித்துல நிக்கிறப்போ காலுக்கு கயிறு தெரியணும். மோதிரம், காப்பு, கையில கட்டின சாமிக் கயிறு எல்லாம் கழட்டி வீட்டுல வெச்சிட்டு போங்க, கயிறு ஓடும்போது மோதிரம் மாட்டினா விரலே போய்டும். அரைஞாண் கயிறு இருக்கட்டும், அத யாரும் கேக்கல.

இஞ்சி மொரப்பா ரெண்டு பாக்கெட், பருப்புப்பொடி ஒரு டப்பா, ஊறுகாய் பிளாஸ்டிக் பாட்டில்ல. கருவாடு வேணாம், ப்ளீஸ். இருவது பேர் படுக்கிற ரூம், ஜன்னல் தொறக்க முடியாது. நான் எடுத்துட்டுப் போனேன், மூணாவது நாள் குக் ரொம்ப மரியாதையா வந்து, உன் பையில ஏதோ செத்துப் போச்சு போலன்னு சொன்னாரு.

ஏறின அன்னைக்கு நடக்கிறது எல்லாம் வேகமா நடக்கும். பங்க் காட்டுவாங்க, வாட்ச் பிரிப்பாங்க, லைஃப் ஜாக்கெட் எங்க, எந்த மணி அடிச்சா எங்க போய் நிக்கணும்னு ஓட விட்டுப் பழக்குவாங்க. ஆள் கடல்ல விழுந்தா இன்னா பண்ணணும்னு சொல்லுவாங்க, அத மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க: சத்தமா கத்து, மெதக்கிறத தூக்கிப் போடு, ஒருத்தர் மட்டும் விழுந்தவர் மேல வெச்ச கண்ண எடுக்காம கைய நீட்டிக் காட்டிக்கிட்டே நிக்கணும். அவருக்கு வேற வேலையே கெடையாது. அலையில ஒரு தலை ரெண்டு நொடில காணாம போய்டும், கடல்ல போனவனுக்கு இத சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

வாட்ச்னா ஷிப்ட்டு. நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ரெஸ்ட்டு, பகல்ல ஒரு தடவ ராத்திரில ஒரு தடவ. எட்டு மணி நேரம் ரெஸ்ட்டா, ஜாலிதான்னு நெனச்சேன். அந்த எட்டுலதான் சாப்பாடு, பாத்திரம் கழுவுற முறை, டிரில், துணி, திடீர்னு எல்லாரும் மேல வாங்கன்னு கூப்புடுறது எல்லாம் வரும். அதனால கெடைக்கிறப்போ தூங்குங்க, வெளிச்சமா இருக்கேன்னு பாக்காதீங்க. ராத்திரி 12ல இருந்து 4 வரைக்கும் வாட்ச் கெடைச்சா நம்ம பசங்க பயப்பட வேணாம், நடுராத்திரில ஏலத்துக்கு எழுந்து பழகின ஊருதானே இது. உங்கள எழுப்ப வர்றவர் கால்மணி முன்னாடி வந்து வெளிய மழையா குளிரான்னு சொல்லிட்டுப் போவாரு, நீங்க எழுப்பப் போறப்போவும் அத சொல்லணும். லேட்டா மட்டும் போகாதீங்க, நீங்க அஞ்சு நிமிஷம் லேட்டானா குளிருல நிக்கிறவன் அஞ்சு நிமிஷம் கூட நிப்பான், அவன் அத மறக்கவே மாட்டான்.

இப்ப கயிறு. இந்த மொத்த கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கிறதா இருந்தா இத வெச்சிக்கோங்க.

டெக்கு ஓரத்துலயும் மரத்தடியிலயும் கட்டை வரிசையா சொருகியிருக்கும், பூரிக்கட்டை மாதிரி, அதுக்குப் பேரு பின். ஒவ்வொரு கயிறும் ஒரு பின்னுல வந்து நிக்கும், அந்தக் கயித்துக்கு அந்த பின்னுதான், கப்பல் கட்டினதுல இருந்து அந்த எடந்தான். பாய் தூக்குற கயிறு ஒரு வரிசை, பாய் மூலைய இழுக்கிறது ஒரு வரிசை, பருமல, அதான் பாய் தொங்குற குறுக்குக் கட்டைய, திருப்புற கயிறு வேற பக்கம். தூத்துக்குடி தோணிக்காரங்க ஆஞ்சான், தாமான், பருமல்னு சொல்லுவாங்களே, அதே சாமானுங்கதான், இங்க நூத்துக்கணக்குல இருக்கு. மொத வாரம் காலைல எழுந்ததும் ஒரு சுத்து நடந்து ஒவ்வொரு பின்னையும் தொட்டு பேர் சொல்லுங்க. பேப்பர்ல படம் குடுப்பாங்க, அத பாத்து வராது, கைதான் கத்துக்கணும். ராத்திரில மேட்டு, அதான் கேப்டனுக்கு அடுத்த ஆபீசர், கயிறு பேர கத்தினா நீங்க எண்ணிக்கிட்டு நிக்கக்கூடாது, கை தானா போய் நிக்கணும்.

பின்னுல கயிறு கட்டுறது எட்டு போடுறது மாதிரி, கீழ ஒரு சுத்து, அப்புறம் மேலயும் கீழயும் எட்டு எட்டா மூணு நாலு தடவ. அவ்ளோதான். கடைசில பூட்டு போடக்கூடாது. நம்ம ஹார்பர்ல போட்ட கட்டும்போது கடைசி சுத்த திருப்பி மாட்டி இறுக்கிடுவோம் இல்ல, அவுந்துடக்கூடாதுன்னு, அந்தப் பழக்கம் என் கையில சின்ன வயசுல இருந்து இருக்கு. ரெண்டாவது வாரம், 12-4 வாட்ச், உச்சிப் பாயோட கயித்த நான்தான் கட்டினேன், கை தானா பூட்டு போட்டுடுச்சு. ஒண்ணரை மணிக்கு மேல திடீர்னு மழையோட காத்து எறங்குச்சு, கப்பல் ஒரு பக்கமா சாயுது, மேட்டு கத்துறாரு உச்சிப் பாய் எறக்குன்னு. நான் பின்னுகிட்ட போய்ட்டேன், கரெக்டான பின்னுதான், ஆனா மழையில நனைஞ்ச கயிறு மேல பாய் இழுக்கிற இழுப்புல அந்தப் பூட்டு கல்லு மாதிரி ஆகிடுச்சு. நகம் பேந்துடுச்சு, அவுக்க முடியல. இன்னும் ரெண்டு பேர் வந்து ஸ்பைக்னு கூரான இரும்பு ஒண்ண வெச்சி நெம்பி அவுத்தோம், ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்துல மேல பாய் டமடமன்னு அடிச்சி ஓரத்துல ஒரு ஆள் நீளத்துக்கு கிழிஞ்சிடுச்சு.

யாரும் என்ன திட்டல. அதுதான் பேஜாரு, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். காலைல மேட்டு அந்த பின்னுகிட்ட கூட்டிட்டுப் போய் ஒரு வார்த்தை பேசாம எட்டு போட்டு கட்டினாரு, அவுத்தாரு, கட்டினாரு, அவுத்தாரு, அஞ்சு தடவ. அப்புறம் என் கையில குடுத்துட்டுப் போய்ட்டாரு. ரெண்டு நாள் என் ரெஸ்ட்டு டைம் எல்லாம் பாய் தைக்கிற அம்மாகூட உக்காந்து கிழிசல தைச்சேன், உள்ளங்கைல ஒரு தோல் பட்டை மாட்டிக்கிட்டு அதுல ஊசிய தள்ளித் தைக்கணும். வலை தைச்ச கைன்றதால தையல் நேரா வந்துச்சு, அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, எங்க கத்துக்கிட்டன்னு கேட்டுச்சு. என் ஊர்ல என் வயசு பசங்க எல்லாருக்கும் தெரியும்னு சொன்னேன், முழுப் பொய்.

கட்டின அப்புறம் மிச்சக் கயித்த சுருட்டி அதே பின்னுல மாட்டணும், வலப்பக்கமா, கடிகாரம் சுத்துற பக்கம், அப்பதான் முறுக்கு சிக்காம ஓடும். சோம்பேறித்தனமா கும்பலா விட்டுட்டுப் போனீங்கன்னா அடுத்த வாட்ச்காரன் கால்ல மாட்டும். வேலை முடிஞ்சது பாய் ஏறினதும் இல்ல, கடைசி கயிறு சுருட்டி மாட்டினதும்தான்.

ஆர்டர் குடுத்தா எஸ் சொல்றது பத்தாது, குடுத்த ஆர்டர திருப்பி சொல்லணும். காத்து சத்தத்துல தப்பா கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிடும். புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, நம்ம ஆளுங்க தலைய ஆட்டிடுவோம், அது அங்க டேஞ்சர். நெறைய பேர் சேர்ந்து இழுக்கிறப்போ டூ சிக்ஸ் ஹீவ்னு கத்துவாங்க, ஹீவ்ல எல்லாரும் சேர்ந்து இழுக்கணும். ஒரு நாள் நான் ஏலேலோ ஐலசா சொல்லிக் குடுத்தேன், அந்த வாட்ச் முழுக்க ஜெர்மன்காரன் டச்சுக்காரி எல்லாம் ஐலசா போட்டு இழுத்தாங்க, அதுக்கு டூ சிக்ஸ விட நல்ல தாளம் இருக்குன்னு கேப்டனே ஒத்துக்கிட்டாரு.

பாய்மரத்து மேல ஏறுறது கட்டாயம் இல்ல, இத பல பேருக்கு தெரியாது. இஷ்டம் இல்லைன்னா கீழயே வேலை நெறைய இருக்கு. ஏறுறவங்க: ஹார்னஸ்னு விழாம புடிக்கிற பெல்ட்ட மாட்டி, மத்தவர் ஒருத்தர செக் பண்ண சொல்லி, பாக்கெட் எல்லாம் காலி பண்ணிட்டு, கத்தி இருந்தா கயித்துல கட்டிட்டு ஏறணும், மேல இருந்து விழுற ஒரு ஸ்பைக் கீழ இருக்கிறவன் தலைய ஒடைச்சிடும். காத்து அடிக்கிற பக்கமா ஏறுங்க, காத்தே உங்கள கயித்து ஏணியோட ஒட்டி அமுக்கிப் பிடிக்கும். கையால புடிக்கிறது நெட்டுக் கயிறு, கால் வெக்கிறது குறுக்குக் கயிறு. குறுக்க புடிக்காதீங்க, அது அறுந்தா கையில வெறும் கயிறுதான் இருக்கும். பாதில தட்டு மாதிரி ஒரு எடம் வரும், அதுக்கு ஏறுறப்போ ஏணி வெளிப்பக்கமா சாஞ்சிருக்கும், முதுகு கடலப் பாத்து தொங்கும். எனக்கு அங்க கால் தையல் மிஷின் மாதிரி ஆடுச்சு. ஒரு நிமிஷம் நின்னு மூச்சு விட்டுட்டு ஏறுங்க, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. பருமல் அடியில தொங்குற கயித்துல கால் வெக்கிறதுக்கு முன்னாடி வரேன்னு கத்தணும், ஏன்னா நீங்க ஏறினதும் அந்தக் கயிறு எகிறும், ஏற்கனவே நிக்கிறவன் தயாரா இருக்கணும்.

சுக்கான் புடிக்கிறது எல்லாருக்கும் ஆசை. டிகிரி சொல்லுவாங்க, திருப்பி சொல்லிட்டு காம்பஸ்ல அங்க நிறுத்தணும். கப்பல் பைக் மாதிரி ஒடனே திரும்பாது, நீங்க திருப்பி கொஞ்ச நேரம் கழிச்சிதான் மூக்கு நகரும், அதுக்குள்ள பத்தலைன்னு இன்னும் திருப்பினீங்கன்னா தாண்டிப் போய்டும், அப்புறம் பின்னாடி பாத்தா தண்ணில நம்ம தடம் பாம்பு போன மாதிரி இருக்கும். கம்மியா திருப்பு, காத்திரு, அவ்ளோதான். முன்னாடி லுக்கவுட் நிக்கிறப்போ பல கப்பல்ல மணி அடிச்சி சொல்லுவாங்க, வலப்பக்கம் ஏதாவது தெரிஞ்சா ஒண்ணு, இடப்பக்கம் ரெண்டு, நேரா மூணு. ஒரு கப்பலோட செவப்பு லைட்டும் பச்சை லைட்டும் ஒண்ணா தெரிஞ்சா அது உங்களப் பாத்துதான் வருது, யோசிக்காம அடிங்க.

வாந்தி வரும். கடல்காரன் பையனுக்கு எப்படி வரும்னு நானும் சொல்லிட்டுதான் போனேன், ரெண்டாவது நாளே வந்துச்சு. பைபர் போட்டு ஆட்டம் வேற, அந்தக் கப்பல் ஆட்டம் வேற, மெதுவா சாஞ்சி மெதுவா நிமிரும், வயிறு நடுவுல மாட்டிக்கும். மாத்திரை போடுறதா இருந்தா வர்றதுக்கு முன்னாடி போடணும், வந்த அப்புறம் போட்டா மாத்திரையும் சேந்து வெளிய வரும். கீழ போய் படுக்காதீங்க, மேல வந்து அடிவானத்தப் பாருங்க, காய்ஞ்ச ரொட்டி கடிங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, மொரப்பா வாயில போட்டுக்கோங்க. எடுக்கிறதுன்னா காத்து போற பக்கமா போய் எடுங்க, காத்து வர்ற பக்கம் எடுத்தா இன்னா ஆகும்னு சொல்ல வேணாம். மூணு நாள்ல சரியாகிடும், பெரும்பாலும்.

சாப்பாடு நல்லா இருக்கும், ரொட்டி, சீஸ், உருளைக்கெழங்கு, சூப்பு. சோறு வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா பெரிசு. சைவம்னா முன்னாடியே எழுதி அனுப்பிடுங்க. குளியல் ரெண்டு நிமிஷம், நல்ல தண்ணி அளவா இருக்கும். பம்ப் அடிக்கிற கக்கூஸ்ல நீங்க சாப்ட்டது தவிர வேற எதையும் போடாதீங்க, அடைச்சிக்கிட்டா அடைச்சவனே கழட்டணும், அதுவும் ரூலு.

காத்து இல்லாத நாள்ல ரெஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க, அன்னைக்குதான் பழைய கப்பலோட உண்மையான வேலை. துரு தட்டுறது, பெயின்ட் அடிக்கிறது, வார்னிஷ் போடுறதுக்கு மரத்த தேய்க்கிறது, டெக்குப் பலகை இடுக்குல பஞ்சு மாதிரி நார அடிச்சி சொருகி மேல தாரு மாதிரி கீல் ஊத்துறது. காலைல டெக்கு கழுவுறது உப்புத் தண்ணிலதான், நல்ல தண்ணில கழுவினா பலகை சீக்கிரம் உளுத்துடும், உப்பு மரத்துக்கு மருந்து. நம்ம சைடு மசூலா படகு ஆணியே இல்லாம கயித்தால தைச்சதுதானே, ஹார்பர் கட்டுறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல கப்பல் எல்லாம் தூரமா கடல்ல நிக்கும், ஆளு, மூட்டை, குதிரை எல்லாம் அதுலதான் அலை தாண்டி கரைக்கு வரும். அதே மாதிரி கயித்தால தைச்ச கப்பல் ஒண்ண நேவி 2025 மே மாசம் கார்வார்ல சேத்துக்குச்சு, ஐஎன்எஸ்வி கவுண்டின்யா. அத சொன்னேன், கப்பல் கார்பென்டர் நம்பவே இல்ல, ஃபோன்ல போட்டோ காட்டின அப்புறம் அரை மணி நேரம் அத பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தாரு. இன்னொன்னும் சொன்னேன், யாழ்ப்பாணத்துல வல்வெட்டித்துறைல கட்டின அன்னபூரணின்னு ஒரு பாய்க்கப்பல ஒரு அமெரிக்காக்காரர் வாங்கி, தமிழ் மாலுமிங்க ஓட்டிக்கிட்டுப் போய் 1938ல மாசாசூசெட்ஸ்ல குளோஸ்டர் துறைமுகத்துல கொண்டு சேத்தாங்கன்னு. அதுக்கு அப்புறம் எனக்கு கப்பல்ல கொஞ்சம் மரியாதை கூடிடுச்சு, கிழிஞ்ச பாய யாரும் பேசல.

வீட்டுல ஆபத்தான்னு கேப்பாங்க, பொய் சொல்லாதீங்க. 2010ல கான்கார்டியான்னு கனடா டிரெய்னிங் கப்பல் பிரேசில் பக்கம் காத்துல கவுந்துடுச்சு, 64 பேரும் ராஃப்ட்ல ஒரு நாளுக்கு மேல கெடந்து உசுரோட வந்தாங்க, டிரில் அவங்களுக்கு பழக்கமா இருந்துச்சு. 2012 அக்டோபர்ல பவுண்டின்னு ஒரு கப்பல், சாண்டி புயல் வர்றது தெரிஞ்சே கெளம்பிப் போய் மூழ்குச்சு, 16 பேர்ல 14 பேரதான் உசுரோட தூக்க முடிஞ்சது. 2025 மே 17ஆம் தேதி மெக்ஸிகோ நேவியோட குவாத்தமோக் நியூயார்க்ல புரூக்ளின் பாலத்துல மரத்த இடிச்சிடுச்சு, மரியாதைக்காக பசங்க மேல பருமல்ல வரிசையா நின்ன நேரம், ரெண்டு பேர் செத்துட்டாங்க. அதனால கப்பல பாக்குறப்போ வெள்ளை பாய பாத்து மயங்காதீங்க. சர்வே சர்டிபிகேட் இருக்கா, எத்தன பெர்மனென்ட் ஆளு, புயல் சேதி வந்தா கேப்டன் ஹார்பர்லயே நிப்பாரா, டிரிப்ப தள்ளிப் போடுவாங்களான்னு கேளுங்க. கேட்டதுக்கு கோச்சிக்கிட்டா அந்தக் கப்பல் வேணாம்.

கடைசி நாள் பங்க் கழுவி, ஹார்னஸ் திருப்பிக் குடுத்து, லாக்புக்ல கையெழுத்து வாங்கிக்கோங்க, எத்தன மைல் எத்தன நாள்னு எழுதி சீல் போட்டுத் தருவாங்க. பின்னாடி கப்பல் கோர்ஸ் சேரப் போறவங்களுக்கு இன்டர்வியூல பேச அது நல்லா உதவும், ஆனா அது சீ டைம், அதான் கப்பல் வேலைக்கு காட்டுற கடல் நாள், கணக்குல சேரும்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க.

வேலை செஞ்ச துணி மட்டும் தனி கவர்ல கட்டி எடுத்துட்டு வாங்க. கயித்துக்கு பூசுற பைன் தார் வாசனை மூணு சோப்புக்கும் போகாது. எங்க அம்மா தெரியாம எல்லாத்தையும் ஒண்ணா ஊறப் போட்டு மொட்டை மாடில காயப் போட்டுச்சு, ஒரு வாரத்துக்கு மொத்த குடும்பத்து மேலயும் அந்த வாசனை. பக்கத்து வீட்டு ஆயா படி ஏறி வந்து, இன்னாம்மா, உன் வூட்டுக்காரன் மறுபடியும் மரப் போட்டு வாங்கிட்டானான்னு கேட்டுச்சு. அப்பா உள்ள இருந்து ஒண்ணும் சொல்லல, என் சட்டைய எடுத்து மோந்து பாத்துட்டு திரும்ப கொடியிலயே போட்டுட்டாரு.